பர்மிங்ஹாம் குழந்தையின் பத்தியம்: பினைல்கீட்டோனூரியா குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

சாப்பாட்டை மாற்றினால் நோய் கட்டுப்படும் என்று சொல்லாத ஆள் கிடையாது. அதை ஒரே ஒரு நோயாளியிடம், சந்தேகப்படுபவரும் ஒப்புக்கொள்ளும்படி காட்டிய நிகழ்வுகள்தான் குறைவு. 1951இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கியது அப்படிப்பட்ட ஒன்று. நோயாளி, பினைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை நோய் கொண்ட ஒரு பெண் குழந்தை. வயது இரண்டுகூட நிறையவில்லை. அவளுக்குக் கொடுத்தது மருந்து அல்ல, உணவு. அவளைக் கெடுத்துக்கொண்டிருந்ததும் உணவில் இருந்த ஒரு சத்துதான். அதுவும் வேண்டாத சத்து அல்ல, அது இல்லாமல் எந்தக் குழந்தையும் வளர முடியாத சத்து. பத்திய உணவு பற்றிப் பேசும்போது நான் திரும்பத் திரும்ப இந்த நிகழ்வுக்கு வருவதற்கு அதுதான் காரணம்.

முன்கதை: ஓஸ்லோ, 1934

நார்வேயில் ஒரு தாய்க்கு இரண்டு குழந்தைகள். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நான்கு. பிறந்தபோது இருவரும் நன்றாகத்தான் இருந்தார்கள். போகப்போக மன வளர்ச்சி நின்றுவிட்டது. குழந்தைகளின் உடம்பிலும் சிறுநீரிலும் ஒரு மக்கிய வாடை அடிக்கிறது என்று அந்தத் தாய் பார்க்கும் மருத்துவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். காது கொடுத்துக் கேட்டவர் அஸ்பியோர்ன் ஃபோலிங். மருத்துவம் படிப்பதற்கு முன்பே வேதியியல் படித்தவர் அவர்.

சிறுநீரில் கீட்டோன் என்ற பொருள் இருக்கிறதா என்று பார்க்க ஃபெரிக் குளோரைடு என்ற இரசாயனத்தைச் சேர்ப்பது அன்றைய வழக்கம். இருந்தால் செந்நிறமாகும், இல்லாவிட்டால் பழுப்பாகவே இருக்கும். இந்தக் குழந்தைகளின் சிறுநீர் கரும்பச்சையாக மாறியது. ஏதாவது மருந்தின் விளைவாக இருக்கலாம் என்று எண்ணி, எல்லா மருந்தையும் ஒரு வாரம் நிறுத்தச் சொல்லி மறுபடி பார்த்தார். மறுபடியும் பச்சை. அந்தப் பச்சைக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து, அது பினைல்பைருவிக் அமிலம் என்று கண்டுபிடித்தார். மனநலக் காப்பகங்களில் தேடியதில் இன்னும் சிலர் அகப்பட்டார்கள். அந்த ஆண்டே பத்துப் பேரின் விவரத்தோடு கட்டுரை வெளியிட்டார்.

பிறகு தெரிய வந்தது இது. புரதத்தைக் கட்டும் துண்டுகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். நாம் சாப்பிடும் எல்லாப் புரத உணவிலும் பினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. புரதத்தின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கு. உடம்பால் இதைத் தயாரிக்க முடியாது, உணவில் வந்தே ஆக வேண்டும். தேவைக்கு மேல் வருவதைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி, டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்த குழந்தைக்கு அந்த நொதி வேலை செய்யாது. பினைல்அலனின் இரத்தத்தில் தேங்கும். மூளைக்குள் போக வேண்டிய பெரிய அமினோ அமிலங்கள் பலவும் ஒரே பேருந்தை நம்பி நிற்கும் கூட்டம் போன்றவை. பினைல்அலனின் மட்டும் பத்து மடங்கு பெருகினால் மற்றவற்றுக்கு இடம் கிடைக்காது. வளர்கிற மூளைக்கு அது தாங்காத இழப்பு.

காரணம் புரிந்தும் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் சிகிச்சை என்று எதுவும் வரவில்லை. பரம்பரை நோய், ஒன்றும் செய்வதற்கில்லை என்பதே அன்றைய பொதுக் கருத்து.

நோயாளி

பர்மிங்ஹாமுக்கு வந்தபோது குழந்தைக்கு 17 மாதம். நிற்க மாட்டாள், நடக்க மாட்டாள், பேச்சு இல்லை. சாப்பாட்டிலோ சுற்றியிருப்பவர்களிடமோ எந்த நாட்டமும் இல்லை. முனகுவது, அழுவது, தலையை மோதிக்கொள்வது, பொழுது முழுக்க இதுதான். ஜெர்மனியிலிருந்து வந்து அங்கே பணியாற்றிய ஹோர்ஸ்ட் பிக்கல் சிறுநீரைச் சோதித்தார். கலந்திருக்கும் பொருள்களைத் தாளில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தாள் வண்ணப்பிரிகையில், பினைல்அலனின் புள்ளி பளிச்சென்று விழுந்தது. நோய் உறுதியாகிவிட்டது.

அந்தத் தாளைப் பெருமையோடு குழந்தையின் தாயிடம் காட்டியதைப் பிக்கல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். தாய் அதைச் சட்டை செய்யவில்லை. பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, சிகிச்சை என்ன என்றுதான் கேட்டார். இல்லை என்ற பதிலை ஏற்கவில்லை. தினமும் காலையில் ஆய்வுக்கூட வாசலுக்கு வந்து, கண்டுபிடித்தாயிற்றா என்று கேட்டபடி இருந்தார். மருத்துவ வரலாற்றில் இப்படி வாசலில் நின்றவர்களுக்கு உரிய இடத்தை யாரும் கொடுப்பதில்லை. ஓஸ்லோ தாயும் இந்தத் தாயும் இல்லாவிட்டால் இந்த நோய்க்குப் பெயரும் சிகிச்சையும் எப்போது வந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

உணவைத் தயாரித்த விதம்

பினைல்அலனின்தான் சிக்கல் என்றால் அது இல்லாத புரதத்தைக் கொடுக்க வேண்டியதுதானே? அப்படி ஒரு புரத உணவு இயற்கையில் கிடையாது. பாலில் உண்டு, அரிசியில் உண்டு, பருப்பில் உண்டு, கீரையில்கூட உண்டு. புரதத்தை அடியோடு நிறுத்தினால் குழந்தை செத்துப்போகும்.

வழி காட்டியவர் லண்டனில் இருந்த வேதியியலாளர் லூயிஸ் வுல்ஃப். பாலில் உள்ள கேசின் புரதத்தை அமிலத்தால் உடைத்து அமினோ அமிலக் கரைசலாக்கி, அதைக் கரியின் வழியே செலுத்தினால் பினைல்அலனின் கரியில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கரிக்கு ஆள் பார்த்துப் பிடிக்கத் தெரியாது. டைரோசினும், டிரிப்டோஃபான் என்ற இன்னொரு அமினோ அமிலமும் சேர்ந்தே போய்விடும். அவற்றைத் தனியாக வாங்கித் திரும்பச் சேர்க்க வேண்டும். டைரோசின் நமக்கெல்லாம் கட்டாயமான சத்து அல்ல, பினைல்அலனினிலிருந்து உடம்பே செய்துகொள்ளும். இந்தக் குழந்தைக்கு அந்த வழியே அடைபட்டிருப்பதால், டைரோசினும் கட்டாயச் சத்து ஆகிவிடுகிறது. எது கட்டாயச் சத்து என்ற பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நோய் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

பிக்கல், மருத்துவர் ஜான் ஜெரார்ட், மருத்துவமனையின் உயிர்வேதியியலாளர் ஈவ்லின் ஹிக்மன்ஸ் மூவரும் குளிரறை ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி இந்தக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். ஒரு குழந்தைக்குப் போதுமான அளவு தயாராகவே நாளாயிற்று. வாயில் வைக்க முடியாத சுவை. இன்றைய தயாரிப்புகள் எவ்வளவோ மேல், அவையும் ருசிக்காகக் குடிப்பவை அல்ல.

முதல் நான்கு வாரம்

தொடக்கத்தில் பினைல்அலனின் அறவே இல்லாத உணவு. இரத்தத்தில் அளவு மளமளவென்று இறங்கி இயல்புக்கு வந்தது. சிறுநீரில் பச்சை நிறம் மறைந்தது. ஆய்வக முடிவை மட்டும் பார்ப்பவர் வெற்றி என்றே எழுதியிருப்பார்.

குழந்தையின் எடையோ குறைய ஆரம்பித்தது. சிறுநீரில் பலவகை அமினோ அமிலங்கள் கொட்டத் தொடங்கின. வெளியிலிருந்து வராத சத்துக்காக உடம்பு தன் சொந்தத் தசையையே உடைத்துக்கொண்டிருந்தது என்பதுதான் இதற்கு அர்த்தம். பினைல்அலனின் நஞ்சாக இருந்த அதே குழந்தைக்கு இப்போது பினைல்அலனின் பற்றாக்குறை.

மருத்துவர்கள் உணவைக் கைவிடவில்லை, திருத்தினார்கள். நாளொன்றுக்கு 0.3 முதல் 0.5 கிராம் வரை பினைல்அலனின் கிடைக்கும்படி, சாதாரணப் பாலையே அளந்து சேர்த்தார்கள். எடை ஏறியது, அமினோ அமிலக் கசிவு நின்றது. விலக்க வேண்டிய பொருளிலேயே ஒரு பங்கை மருந்துபோல அளந்து கொடுத்தார்கள். என் கணக்கில் இந்த நிகழ்வின் உண்மையான கண்டுபிடிப்பு கரியும் கேசினும் அல்ல, இந்தப் பால்தான்.

அடுத்த பத்து மாதங்களில் குழந்தை தவழக் கற்றாள், நின்றாள், நாற்காலியில் ஏறினாள். கண்ணில் களை வந்தது. ஓயாத அழுகையும் தலை மோதலும் நின்றன. முடியும் கறுக்கத் தொடங்கியது. முடிக்கு நிறம் தரும் மெலனின் டைரோசினிலிருந்து உண்டாவது. இந்த நோயில் அது குறைவதால்தான் குழந்தைகள் வெளிறிய முடியோடு இருப்பார்கள்.

சொல்லாமல் செய்த சோதனை

இதோடு நிறுத்தியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். வயது ஏறினால் குழந்தை தானாகவே கொஞ்சம் தேறும்; ஆசையோடு பார்க்கும் தாய்க்கு இல்லாத முன்னேற்றமும் தெரியும். இந்தக் கேள்வியைத் தீர்க்க, தாய்க்குத் தெரியாமல் உணவில் நாளைக்கு 5 கிராம் பினைல்அலனின் சேர்த்தார்கள். அனுமதித்த அளவைப் போலப் பத்து மடங்கு, அதற்கும் மேல்.

ஆறு மணி நேரத்துக்குள் குழந்தை மறுபடி அழுது தலையை மோதத் தொடங்கினாள். ஒரே நாளில் நிற்கும் சக்தி போயிற்று, தவழ்வதே பெரும்பாடானது. எதுவும் தெரியாத தாய் சொன்ன விவரம் என்பதால் சான்றின் பலம் கூடியது. பிறகு மருத்துவமனையிலேயே வைத்து இன்னொரு முறை செய்து பார்த்தார்கள், படமும் பிடித்தார்கள். 1953 அக்டோபரில் லான்செட் என்ற மருத்துவ இதழில் கட்டுரை வந்தது.

சரி, இப்படிச் செய்யலாமா? தாயின் சம்மதம் இல்லாமல் குழந்தையை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளும் சோதனைக்கு இன்று எந்த நெறிமுறைக் குழுவும் கையெழுத்துப் போடாது. போடக் கூடாது. அதே சமயம், அந்தச் சான்று இல்லாவிட்டால் ‘பரம்பரை நோய்க்குச் சாப்பாடு என்ன செய்யும்’ என்ற ஏளனம் இன்னும் பல ஆண்டுகள் தொடர்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே பதிவு செய்கிறேன். தாயிடம் கேட்டிருந்தால் மறுத்திருப்பார் என்று சொல்ல நமக்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

கிடைத்ததும் கிடைக்காததும்

அந்தக் குழந்தை இயல்பான மன வளர்ச்சியை எட்டவில்லை. உணவு தொடங்கும் முன்பே மூளை பாதிக்கப்பட்டிருந்தது. நடந்த சேதத்தை உணவால் திருப்ப முடியாது, மேலும் நடக்காமல் தடுக்கத்தான் முடியும். அப்படியானால் பிறந்த சில நாட்களிலேயே கண்டுபிடிக்க வேண்டும். ஃபெரிக் குளோரைடு அதற்கு உதவாது, சிறுநீர் பச்சையாக மாறுவதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருந்த ராபர்ட் கத்ரி இதற்கு வழி கண்டார். அவருடைய மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு இருந்தது. மனைவியின் சகோதரி மகளுக்கு இதே பினைல்கீட்டோனூரியா. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் காயவைத்து, பாக்டீரியா வளர்ச்சியை வைத்து பினைல்அலனின் அளவைக் கணிக்கும் முறையை 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார். 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தப் பரிசோதனையைச் சட்டமாக்கியது. இன்று உலகமெங்கும் பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் குதிகால் பரிசோதனைக்கு மூலம் இதுவே.

பரிசோதனை பரவியதும் உணவும் பரவியது. கூடவே பர்மிங்ஹாமின் முதல் நான்கு வாரமும் பல ஊர்களில் திரும்ப நடந்தது. பினைல்அலனினைக் கண்டு பயந்து அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்த இடங்களில் குழந்தைகள் வளராமல் நின்றார்கள்; தோல் உரிந்தது, இரத்தசோகை வந்தது, இறந்தவர்களும் உண்டு. இரத்தத்தில் அளவு குறையக் குறைய நல்லது என்று எண்ணியதன் விலை அது. இன்று மருத்துவர்கள் பிடிக்கப் பார்க்கும் வரம்பு லிட்டருக்கு 120 முதல் 360 மைக்ரோமோல். மேல் வரம்பு இருப்பதுபோலவே கீழ் வரம்பும் இருப்பதைக் கவனியுங்கள். சிகிச்சை இல்லாத கடும் வகையில் இது 1200ஐத் தாண்டும்.

இன்னொரு தவறும் நடந்தது. மூளை வளர்ந்தாயிற்றே என்று பள்ளி வயதிலேயே உணவை நிறுத்தினார்கள். நிறுத்திய பிள்ளைகளின் அறிவுத்திறன் சரிந்தது. கவனச் சிதறல், மனச்சோர்வு போன்றவையும் தலைதூக்கின. வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும் என்ற முடிவுக்கு வர நெடுநாள் ஆயிற்று. அதற்குள் உணவை விட்ட பெண்கள் வளர்ந்து தாயாகியிருந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் இல்லை, நொதி சரியாகவே இருந்தது. ஆனாலும் தாயின் இரத்தத்தில் தேங்கிய பினைல்அலனின் கருவையே தாக்கி, தலை சிறுத்தும் இதயக் கோளாறோடும் பிறந்தார்கள். கருவுறுவதற்கு முன்பே உணவுக்குத் திரும்ப வேண்டும் என்பது இப்போது கண்டிப்பான விதி.

சில நோயாளிகளுக்கு, நொதி வேலை செய்யத் துணை நிற்கும் பொருளான (துணைக்காரணி) சாப்ரோப்டெரின் மாத்திரை பலன் தருகிறது. அமெரிக்காவில் 2007இல் அனுமதி பெற்றது. வளர்ந்தவர்களுக்கு ஊசியாகப் போடும் மாற்று நொதி ஒன்று 2018இல் வந்தது. இரண்டும் விலை அதிகம். பெரும்பாலோருக்கு உணவுதான் இன்றும் சிகிச்சை.

நம் சமையலறையில் இந்தக் கணக்கு

இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயமான பிறப்புப் பரிசோதனை நாடு முழுக்க இன்னும் இல்லை. இந்த நோய் இங்கே அரிதுதான். ஆனால் தாய் தந்தை இருவரும் பழுதான மரபணுவைச் சுமந்தால் வரும் வகை நோய்கள் சொந்தத்தில் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில் கூடுதலாக வரும். தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிவைக்கும் நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. முதல் குழந்தைக்குக் காரணம் தெரியாத மனவளர்ச்சிக் குறைபாடு இருந்தால், அடுத்த குழந்தை பிறந்தவுடன் குதிகால் பரிசோதனை கேட்டு வாங்குங்கள்.

ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் பினைல்அலனின் அனுமதி உள்ள குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிராம் புரதத்தில் சுமார் 50 மில்லிகிராம். ஆக, இயற்கை உணவிலிருந்து நாள் முழுக்க 6 கிராம் புரதம்தான் வரலாம். நடுத்தர இட்லி ஒன்றில் 2 கிராம் வரை போய்விடும். நூறு கிராம் சோற்றில் இரண்டரை கிராம் அளவில். பத்து கிராம் துவரம்பருப்பு 2 கிராமைத் தாண்டும். நூறு மில்லி பசும்பால் 3 கிராமுக்கும் மேல், அதாவது பாதி நாள் அனுமதி. தாய்ப்பாலில் பசும்பாலைவிட மிகக் குறைவு. அதனால் பச்சிளங்குழந்தைக்குத் தாய்ப்பாலை அடியோடு நிறுத்துவதில்லை, சிறப்புப் பால்மாவோடு சேர்த்து அளந்து கொடுக்கிறார்கள்.

வயிறு நிறைய என்ன செய்வது? இங்கே நம்மிடம் ஒரு நல்ல பொருள் இருக்கிறது: ஜவ்வரிசி. சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து செய்யப்படும் அதில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். சத்தே இல்லாத பொருள் என்று டயட்டீஷியன்கள் வழக்கமாக ஒதுக்கும் உணவு இந்தக் குழந்தைக்கு மட்டும் வரம். நிலக்கடலை போடாத ஜவ்வரிசி உப்புமா, கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சி, நெய், எண்ணெய், சர்க்கரை, அளந்து போட்ட காய்கள், பழங்கள். தட்டில் போட்டதில் எவ்வளவு மிச்சம் வைத்தது என்பதையும் சின்னத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஆசைக்குப் பாட்டி ஊட்டும் ஒரு வாய் பருப்புச் சோறும் கணக்கில் வந்தாக வேண்டும். இந்த நோயில் குடும்பத்தோடு உட்காராமல் சமையலைத் திட்டமிட முடியாது.

மீதிப் புரதம் முழுக்க, பினைல்அலனின் நீக்கி டைரோசின் சேர்த்த அமினோ அமில மாவிலிருந்து வர வேண்டும். ஒரே வேளையில் கொடுக்காமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்தால் இரத்த அளவு ஏறி இறங்காமல் இருக்கும். மாவு பிடிக்காமல் அதை விட்டுவிட்டு, பால், முட்டை, கறியை மட்டும் ஒதுக்கும் வளர்ந்தவர்களுக்கு பி12 குறைபாடு வருகிறது. இரும்பு, துத்தநாகம், செலினியம், கால்சியம் ஆகியவையும் பார்க்கப்பட வேண்டும். காய்ச்சல் வந்து குழந்தை சாப்பிடாமல் கிடந்தால், விலக்கிய உணவு எதையும் தொடாமலே இரத்தத்தில் பினைல்அலனின் ஏறும். தன் தசையே கரைந்து அதை வெளியிடும். அந்த நாட்களில் பட்டினி போடாமல், சர்க்கரையும் கொழுப்புமாக ஆற்றல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிறுநீரக நோயில் புரதம், இதய நோயில் உப்பு என்று மற்ற பத்தியங்களிலும் இதே கணக்கைப் பார்க்கிறேன். எதை ஒதுக்குவது என்ற அச்சிட்ட தாள் நோயாளியின் கையில் இருக்கும். எவ்வளவு கட்டாயம் சாப்பிட வேண்டும் என்பது அதில் இருக்காது. டயாலிசிஸுக்கு முன்பு குறைக்கச் சொன்ன புரதத்தை, டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் குறைத்துக்கொண்டே போய் உடம்பு வற்றிப்போனவர்கள் உண்டு. டயாலிசிஸில் தேவை கூடுகிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

பினைல்கீட்டோனூரியா உள்ளவர் வீட்டில் கடைசியாகப் பார்க்க வேண்டியது மருந்து அலமாரி. அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பில் பாதிக்கும் மேல் பினைல்அலனின்தான். சர்க்கரை இல்லாத மாத்திரை, குளிர்பானம், சூயிங்கம், சில சிரப்புகள், வாயில் கரையும் மாத்திரைகள் எல்லாவற்றிலும் அது இருக்கலாம். இந்த நோய் உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்ற வரி உணவுப் பொட்டலத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவரிடமும் மருந்துக் கடையிலும் ஒவ்வொரு முறையும் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.